உலகச் சதுரங்க வரலாற்றில் 1939

1939 உலகச் சதுரங்க வரலாற்றில் ஒரு காலகட்டம் முடிவுக்கு வந்த ஆண்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் அர்ஜென்டீனத் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் தொடங்கிய எட்டாவது சதுரங்க ஒலிம்பியாடு செப்டம்பர் 19 அன்று முடிந்தது. போட்டி நடந்துகொண்டிருந்தபோதே ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் வெடித்தது. பதிவேடுகளின்படி அந்த ஒலிம்பியாடில் ஜெர்மனி முதலிடம் பெற்றது. போலந்து அரைப் புள்ளி பின்தங்கி இரண்டாமிடம் பெற்றது. ஆனால் இந்த இரண்டு அணிகளும் ஒன்றோடொன்று ஆடவே இல்லை. போட்டி முடிந்தபின் ஊர் திரும்பக் கப்பல் ஏறுவதா, தெரியாத நாட்டிலேயே தங்கிவிடுவதா என்று ஆட்டக்காரர்கள் எடுத்த முடிவு, பலருக்கும் பதக்கத்தைவிடப் பெரிதாக அமைந்தது.

பின்னணி

ஃபிடே என்னும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1927இல் லண்டனில் முதல் ஒலிம்பியாடை நடத்தியது. அடுத்து ஹேக், ஹாம்பர்க், பிராகா, ஃபோக்ஸ்டன், வார்சா, ஸ்டாக்ஹோம் என ஏழு போட்டிகளும் ஐரோப்பாவிலேயே நடந்தன. எட்டாவது ஒலிம்பியாடுதான் முதன்முறையாக ஐரோப்பாவுக்கு வெளியே சென்றது. சதுரங்க உலகுக்குப் புவெனஸ் ஐரிஸ் புதிய ஊர் அல்ல. 1927இல் கியூபாவின் ஹொசே ரவுல் கபபிளாங்காவிடமிருந்து அலெக்சாண்டர் அலேகின் உலகப் பட்டத்தைப் பறித்தது அங்கேதான். 34 ஆட்டங்கள் நீண்ட அந்தப் போட்டியில் 25 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. அதன்பின் இருவருக்கும் இடையே மறுபோட்டி நடக்கவே இல்லை. பேச்சு நின்று பகை வளர்ந்தது.

1939இன் தொடக்க மாதங்களிலேயே அரசியல் சதுரங்கப் பலகைக்குள் நுழைந்துவிட்டது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியதால் ஆஸ்திரிய ஆட்டக்காரர்களான எரிக் எலிஸ்காசஸும் ஆல்பர்ட் பெக்கரும் ஜெர்மானிய அணியில் ஆட வேண்டியதாயிற்று. 1939 மார்ச்சில் செக்கோஸ்லோவாக்கியா இல்லாமல் போனது. அந்நாட்டின் முதல் பலகையில் பல ஆண்டுகள் ஆடிய யூதரான சாலோ ஃப்ளோர் அதற்கு முன்பே சோவியத் ஒன்றியத்தில் தஞ்சம் அடைந்திருந்தார்; அவ்வாண்டுத் தொடக்கத்தில் நடந்த லெனின்கிராட்–மாஸ்கோ போட்டியில் முதலிடமும் பெற்றார். எஞ்சிய செக் ஆட்டக்காரர்கள் 'பொஹீமியா–மொராவியா' என்ற பெயரில், அதாவது தங்கள் நாட்டைப் பிடித்தவர்கள் வைத்த பெயரில், புவெனஸ் ஐரிஸுக்கு வந்தனர்.

கப்பல் பயணம்

ஐரோப்பிய அணிகளில் பெரும்பாலானவை ஜூலை இறுதியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் பிரியாபொலிஸ் என்ற பெல்ஜியக் கப்பலில் ஏறின. பயணம் ஏறத்தாழ மூன்று வாரம். ஒரே கப்பலில் ஜெர்மானியர், போலந்துக்காரர், பாலத்தீனத்திலிருந்து வந்த யூதர், பிரெஞ்சுக்காரர், செக்குகள் எல்லோரும் இருந்தனர். சில வாரங்களில் ஒருவர் முன் ஒருவர் அமர மறுக்கப்போகிறவர்கள் அட்லாண்டிக்கை ஒன்றாகவே கடந்தார்கள்.

முந்தைய நான்கு ஒலிம்பியாடுகளிலும் தொடர்ந்து வென்ற அமெரிக்கா இம்முறை அணி அனுப்பவில்லை. சோவியத் ஒன்றியம் அப்போது ஃபிடேயில் உறுப்பினராகவே இல்லை. ஆகவே தங்கப் பதக்கம் யாருக்கு என்பது முன்கூட்டிச் சொல்ல முடியாததாக இருந்தது. பார்வையாளர்களுக்கு வேறொரு எதிர்பார்ப்பும் இருந்தது. உலக வாகையாளர் அலேகின் பிரான்சின் முதல் பலகையில். ஒலிம்பியாடில் முதன்முறையாக ஆட வந்த கபபிளாங்கா கியூபாவின் முதல் பலகையில். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மோதிய அதே நகரில் இருவரும் மீண்டும் மோதுவார்கள் என்று ரசிகர்கள் காத்திருந்தனர். ஆனால் கியூபா பிரான்சைச் சந்தித்த நாளில் கபபிளாங்கா ஆட வரவில்லை. 1942இல் அவர் இறக்கும்வரை இருவரும் மறுபடி பலகை முன் அமரவே இல்லை.

செப்டம்பர் 1

கொரியென்டெஸ் சாலையில் இருந்த பொலிடேயாமா நாடக அரங்கில் ஆட்டங்கள் நடந்தன. 27 அணிகள் நான்கு பிரிவுகளாகத் தகுதிச்சுற்றில் ஆடின. ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு இடங்களைப் பெற்ற அணிகள் இறுதிச்சுற்றுக்குச் செல்லும். மற்றவை 'அர்ஜென்டீனக் கோப்பை' என்ற இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடும். அந்தக் கோப்பையை ஐஸ்லாந்து வென்றது. கனடா அணியில் 14 வயதுச் சிறுவன் டேனியல் யனோஃப்ஸ்கி ஆடியது அரங்கில் பெரிய பேச்சானது. பின்னாளில் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

தகுதிச்சுற்று முடிந்து இறுதிச்சுற்று தொடங்கும் தறுவாயில், செப்டம்பர் 1 அன்று ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தது. செப்டம்பர் 3 அன்று பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்தன. இறுதிச்சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்த இங்கிலாந்து அணி உடனே விலகியது. அந்த அணியின் ஹியூ அலெக்சாண்டரும் ஸ்டூவர்ட் மில்னர்-பாரியும் தாமதமின்றி ஊருக்குக் கப்பல் ஏறினர். இருவரும் பிளெட்ச்லி பூங்காவில் ஜெர்மானிய எனிக்மா சங்கேதங்களை உடைக்கும் பணியில் சேர்ந்தனர். மில்னர்-பாரி அங்கே ஆறாம் குடிலுக்கும், அலெக்சாண்டர் ஆலன் டியூரிங்கை அடுத்து எட்டாம் குடிலுக்கும் தலைவரானார்கள். அதே அணியின் ஹாரி கோலம்பெக்கும் பிற்பாடு அங்கு சென்றார். சதுரங்கக்காரர்கள் பாதியில் விட்டுச் சென்ற போட்டிகளில் வேறு எதுவும் போரின் போக்கில் இவ்வளவு பங்கு பெற்றிருக்காது.

மற்ற அணிகளுக்கு உடனே திரும்ப வழியில்லை. போட்டியைத் தொடர்வதா கைவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. அர்ஜென்டீனா நடுநிலை நாடு. பெருஞ்செலவு செய்து அணிகளை வரவழைத்திருந்த அர்ஜென்டீனச் சதுரங்கக் கூட்டமைப்பு போட்டியை முடிக்கவே விரும்பியது. ஜெர்மனியோடு ஆடப் போலந்து அணிக்கு மனமில்லை; பிரான்சின் அணித்தலைவரான அலேகினும் தம் அணியை ஜெர்மனிக்கு எதிராக இறக்க மறுத்தார். பாலத்தீன அணியினரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. கடைசியில் ஒரு சமரசம் எட்டப்பட்டது. மோத விரும்பாத அணிகள் ஆட வேண்டாம்; அப்போட்டிகள் 2–2 என்று சமநிலையாக எழுதப்படும்.

அப்படித்தான் ஜெர்மனி–போலந்து, ஜெர்மனி–பிரான்ஸ், ஜெர்மனி–பாலத்தீனம் ஆகிய போட்டிகள் ஒரு காய்கூட நகராமல் முடிந்தன. பொஹீமியா–மொராவியா அணி போலந்தோடும் பிரான்சோடும் ஆட வேண்டிய போட்டிகளும் அவ்வாறே எழுதப்பட்டன. நாட்டை இழந்த செக்குகளைப் பொறுத்தவரை இது இரட்டை இழப்பு. ஆக்கிரமிப்புக்கு முதலில் பலியானவர்களே அட்டவணையில் ஆக்கிரமிப்பாளரின் பக்கத்தில் வைக்கப்பட்டார்கள்.

முடிவு

இறுதிச்சுற்றில் 15 அணிகள் ஆடின. ஜெர்மனி 36 புள்ளிகள், போலந்து 35½, எஸ்தோனியா 33½, ஸ்வீடன் 33, அர்ஜென்டீனா 32½. வெற்றியைத் தீர்மானித்தது அரைப் புள்ளி. அதாவது ஒரே ஓர் ஆட்டத்தின் சமநிலைக்கும் வெற்றிக்கும் உள்ள வேறுபாடு. முதல் இரு அணிகளும் நான்கு பலகைகளில் நேருக்கு நேர் மோதியிருந்தால் வரிசை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடியாது. ஆகவே ஜெர்மனியின் தங்கத்தை மோசடி என்று சொல்வது நியாயமாகாது. 2–2 என்ற ஏற்பாட்டால் மற்ற அணிகளும் பயனடைந்தன. அதே சமயம், அதை முழுமையான வெற்றி என்று சொல்வதும் கடினம்.

போலந்தின் நிலையை எண்ணிப் பார்த்தால் அந்த 35½ புள்ளிகளின் எடை புரியும். அணியின் முதல் பலகையில் ஆடிய சாவியெலி டார்டகோவர் ரஷ்யாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். இரண்டாம் பலகையில் மொய்ஷே நைடோர்ஃப், மூன்றாவதில் பவுலின் ஃப்ரிட்மன். மூவரும் யூத வழியினர். அவர்கள் ஆடிக்கொண்டிருந்த நாட்களில் வார்சா குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 17 அன்று சோவியத் படை கிழக்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது. இரண்டு நாள் கழித்து ஒலிம்பியாடு முடிந்தது. தங்கள் நாடு இருபுறமும் பிளக்கப்படும் செய்தியைப் படித்துவிட்டு வந்து ஆடிய அணி, முதலிடத்தை அரைப் புள்ளியில்தான் இழந்தது.

முதல் பலகைக்கான தனிநபர் பரிசைக் கபபிளாங்கா பெற்றார். மூன்றாமிடம் பெற்ற எஸ்தோனியாவின் முதல் பலகையில் 23 வயதுப் பால் கெரஸ் ஆடினார். இறுதிச்சுற்றில் ஆடிய 15 அணிகளின் நாடுகளில் போலந்து, டென்மார்க், நெதர்லாந்து, பிரான்ஸ், எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய ஏழும் அடுத்த ஓராண்டுக்குள் அந்நியப் படைகளின் பிடிக்குள் சென்றன.

பெண்கள் வாகையர் போட்டி

அதே அரங்கில் அதே நாட்களில் பெண்களுக்கான உலக வாகையர் போட்டியும் நடந்தது. 20 பேர் கலந்துகொண்டனர். 1927 முதல் பட்டத்தை விடாமல் வைத்திருந்த வேரா மென்சிக் 19 ஆட்டங்களில் 17 வெற்றி, இரண்டு சமநிலை எனத் தோல்வியே இல்லாமல் மீண்டும் வென்றார். மாஸ்கோவில் செக் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த அவர், முன்பு செக்கோஸ்லோவாக்கியாவுக்காக ஆடியவர். இம்முறை இங்கிலாந்துக்காக ஆடினார். இங்கிலாந்தின் ஆண்கள் அணி விலகிய பிறகும் அவர் இருந்து போட்டியை முடித்தார்.

இரண்டாமிடம் பெற்றவர் சோன்யா கிராஃப். மியூனிக்கில் பிறந்த அவர் ஹிட்லர் ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்தார்; அவருடைய பெயர் ஜெர்மானியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே எந்த நாட்டையும் சேராமல், 'சுதந்திரம்' என்று பொருள்படும் 'லிப்ரே' என்ற சொல்லின் கீழ் ஆடினார். மென்சிக்குடனான ஆட்டத்தில் வெற்றி நிலையை எட்டியும் அதை நழுவவிட்டார். போட்டிக்குப் பின் அர்ஜென்டீனாவிலேயே தங்கி, ஸ்பானிய மொழி கற்று அம்மொழியில் இரண்டு நூல்களும் எழுதினார். பிற்காலத்தில் அமெரிக்காவில் குடியேறினார். மென்சிக் லண்டன் திரும்பினார். 1944 ஜூனில் தெற்கு லண்டனில் அவர் வீட்டின் மீது ஜெர்மானிய வி-1 பறக்கும் குண்டு விழுந்தது. அவரும் அவருடைய தாயும் தங்கையும் இறந்தனர். அப்போதும் உலகப் பட்டம் அவரிடமே இருந்தது.

திரும்பியவர்கள்

டார்டகோவர் ஐரோப்பா திரும்பி, ஐம்பது வயதைக் கடந்த நிலையில், தெ கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையில் 'கார்டியே' என்ற புனைபெயரில் சேர்ந்தார். கெரஸ் எஸ்தோனியாவுக்குத் திரும்பினார். அவருடைய நாடு 1940இல் சோவியத் வசமும், அடுத்த ஆண்டு ஜெர்மனி வசமும், பின் மறுபடி சோவியத் வசமும் போனது. போருக்குப் பின் மூன்று முறை சோவியத் வாகையாளர் ஆனார். உலக வாகையாளர் ஆகவில்லை. லாத்வியாவின் விளாதிமிர்ஸ் பெட்ரோவ்ஸ், 1937இல் கெமேரியில் ஃப்ளோருடனும் சாமுவேல் ரெஷெவ்ஸ்கியுடனும் முதலிடத்தைப் பகிர்ந்தவர். ஊர் திரும்பிய அவர் 1942இல் சோவியத் காவல்துறையால் கைது செய்யப்பட்டு, மறு ஆண்டு சிறை முகாமில் இறந்தார்.

அலேகினின் கதை வேறு விதமாகச் சறுக்கியது. புவெனஸ் ஐரிஸில் ஜெர்மனியோடு ஆட மறுத்தவர் பிரான்ஸ் திரும்பிப் படையில் சேர்ந்தார். ஆனால் பிரான்ஸ் வீழ்ந்தபின் ஜெர்மானியர் நடத்திய போட்டிகளில் ஆடினார். 1941இல் யூதச் சதுரங்கத்தை இழிவுபடுத்தும் கட்டுரைகள் அவர் பெயரில் வெளியாயின. அவற்றைத் தாம் எழுதவில்லை என்று பிற்பாடு மறுத்தார்; சதுரங்க உலகில் பலர் நம்பவில்லை. 1946 மார்ச்சில் போர்ச்சுகலின் எஸ்டொரில் நகர விடுதி அறையில் உலக வாகையாளராகவே, தனியாக, இறந்தார்.

தங்கியவர்கள்

ஐரோப்பிய ஆட்டக்காரர்களில் ஏறத்தாழ இருபது பேர் தென் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டனர். அவர்களில் தங்கம் வென்ற ஜெர்மானிய அணி முழுவதும் அடக்கம்: எலிஸ்காசஸ், பால் மிச்செல், லுட்விக் எங்கெல்ஸ், பெக்கர், ஹைன்ரிச் ரைன்ஹார்ட். ஜெர்மனிக்கு வெற்றி தேடித் தந்த ஐவரில் ஒருவரும் அந்த வெற்றியோடு ஊர் திரும்பவில்லை. அரசியல் வெறுப்பு, போருக்கு அஞ்சியது, கடலில் பிரிட்டிஷ் கப்பல்களிடம் சிக்கும் ஆபத்து என ஒவ்வொருவருக்கும் காரணங்கள் வேறாக இருந்திருக்கலாம். கடல் ஆபத்து கற்பனை அல்ல. அவ்வாண்டு டிசம்பரில் புவெனஸ் ஐரிஸ் அமைந்துள்ள லா பிளாட்டா முகத்துவாரத்திலேயே ஜெர்மானியப் போர்க்கப்பல் கிராஃப் ஷ்பே மூழ்கடிக்கப்பட்டது.

செக் அணியிலிருந்து இயிர்ஷி பெலிகானும் கரேல் ஸ்கலிச்காவும், லித்துவேனியாவின் மார்கஸ் லுட்ஸ்கிஸும், லாத்வியாவின் மொவ்சஸ் ஃபெய்கின்ஸும், பாலத்தீனத்தின் மொஷே செர்னியாக்கும் தங்கினர். ஸ்வீடனின் கிடியன் ஸ்டால்பெர்க் 1948வரை அங்கிருந்தார். எல்லோருக்கும் புதிய நாடு கைகொடுக்கவில்லை. எஸ்தோனியாவின் இல்மர் ராவுட் 1941இல் புவெனஸ் ஐரிஸில் வறுமையில் இறந்தார். அவருக்கு வயது 28.

ஃப்ரிட்மன் கொரியென்டெஸ் சாலையில் இருந்த ரெக்ஸ் காபிக் கடையின் சதுரங்கக் கூடத்தை நடத்தினார். அதே ஆகஸ்டில் வேறொரு போலந்துக் கப்பலில் வந்து போரால் சிக்கிக்கொண்ட எழுத்தாளர் வித்தோல்ட் கோம்ப்ரோவிச் அந்தக் கூடத்தின் நிரந்தர வாடிக்கையாளர். சில வாரப் பயணமாக வந்தவர் 1963வரை அர்ஜென்டீனாவில் இருந்தார்.

தங்கியவர்களில் பெரும் புகழ் பெற்றவர் நைடோர்ஃப். அவருடைய மனைவி, சிறு மகள், பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லோரும் வார்சாவில் இருந்தனர். 1930இல் ஹாம்பர்க்கில் போலந்துக்கு ஒலிம்பியாடுத் தங்கம் பெற்றுத் தந்த அணியில் இருந்த டாவிட் பிஷெபியூர்கா, 1940இல் அந்நகரில் கைதாகிக் கொல்லப்பட்டார். நைடோர்ஃப் திரும்பியிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும் என்பதற்கு அது ஒன்றே போதும். அவர் குடும்பத்தினர் இன அழிப்பில் மாண்டனர். அது தெரியாத ஆண்டுகளில் அவர்களைத் தேட அவருக்குத் தெரிந்த ஒரே வழி சதுரங்கமாக இருந்தது. கண்ணால் பலகையைப் பார்க்காமல் ஒரே நேரத்தில் பலரோடு ஆடும் சாதனையைச் செய்தால் செய்தி ஐரோப்பியப் பத்திரிகைகளில் வரும். உயிரோடு இருப்பவர் யாராவது படித்துத் தொடர்பு கொள்வார்கள் என்று எண்ணினார். 1943இல் ரொசாரியோவில் 40 பலகைகள். 1947இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 45 பலகைகள். 23 மணி நேரத்துக்கும் மேல் நீண்ட அந்த ஆட்டத்தில் 39 வெற்றி, 4 சமநிலை, 2 தோல்வி. அது உலகச் சாதனையாக நெடுங்காலம் நின்றது. அவர் தேடிய மனைவியும் மகளும் அப்போது உயிருடன் இல்லை.

1944இல் அர்ஜென்டீனக் குடியுரிமை பெற்று மிகேல் நைடோர்ஃப் ஆனார். காப்பீட்டுத் தொழிலில் செல்வம் சேர்த்தார். சிசிலியன் தற்காப்பில் கருப்பு ஐந்தாம் நகர்வில் இடக்கோடிச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் முன்னே வைக்கும் வகைக்கு அவர் பெயரே நிலைத்தது. பாபி ஃபிஷரும் காரி காஸ்பரோவும் தங்கள் முக்கிய ஆயுதமாகக் கொண்டது அதைத்தான்.

அர்ஜென்டீனாவும் பின்வந்த ஒலிம்பியாடுகளும்

அடுத்த ஒலிம்பியாடு நடக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. 1950இல் யூகோஸ்லாவியாவின் டுப்ரோவ்னிக்கில் அர்ஜென்டீனா இரண்டாமிடம் பெற்றது. 1952இலும் 1954இலும் அதே இடம். அகதிகள் வருமுன்பே அர்ஜென்டீனாவில் ரொபெர்டோ கிராவ் போன்ற தேர்ந்த ஆட்டக்காரர்கள் இருந்தனர். 1939இலேயே அந்நாடு ஐந்தாவது இடம் பெற்றிருந்தது. எனவே எழுச்சி முழுவதையும் வந்தவர்கள் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்களோடு ஆண்டு முழுதும் உள்ளூரிலேயே ஆடிப் பழகும் வாய்ப்பு வேறெந்தத் தென் அமெரிக்க நாட்டுக்கும் அந்த அளவில் கிடைக்கவில்லை. 1952இல் ஹெல்சிங்கியில் சோவியத் ஒன்றியத்துக்கு அடுத்ததாக வந்த அர்ஜென்டீன அணியில் நைடோர்ஃபும் எலிஸ்காசஸும் ஆடினர். பொலிடேயாமா அரங்கில் ஆடாமலே 2–2 என்று எழுதப்பட்ட போட்டியில் ஒருவர் போலந்து அணியிலும் மற்றவர் ஜெர்மானிய அணியிலும் இருந்தவர்கள்.